ஆற்றில் போனவரும் கடலில் போனவளும்

கொரெல்லா பெண்ட் என்ற ஊரில் மர்ரே ஆற்றுக்குப் பாலம் கிடையாது. ஃபெர்ரிதான். இரண்டு கம்பி வடங்களைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும், பிறகு அங்கிருந்து இங்கே வரும். அதற்கு வேறு லட்சியம் எதுவும் இல்லை. அதை ஓட்டிக்கொண்டிருந்த வெர்ன் லிண்ட்னருக்கும் முப்பது வருஷத்துக்கு மேலாக வேறு லட்சியம் எதுவும் இருந்ததாக ஊரில் யாருக்கும் தெரியாது. கோதுமை லாரி, ஆட்டு லாரி, பள்ளிக்கூட பஸ், ஒருமுறை இரண்டாக அறுக்கப்பட்ட ஒரு மர வீடு, எல்லாவற்றையும் அக்கரை சேர்த்திருக்கிறார். பேச்சு என்று பார்த்தால், வண்டியை ஏற்றும்போது "முன்னாடி வா", இறக்கும்போது "போலாம்". அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற மாதம் அவர் மனைவி கிளெனிஸ் சாப்பாட்டு மேசை மேல் ஒரு விளம்பரப் புத்தகத்தைப் போட்டாள். அட்டையில் பத்து மாடி வெள்ளைக் கப்பல் ஒன்று நீலக் கடலில் நின்றது.

"நூமியா, வனுவாட்டு, மறுபடியும் சிட்னி," என்றாள். "எது வேணும்னாலும் சாப்பிட்டுக்கலாம். எவ்வளவு வேணும்னாலும்."

வெர்ன் புத்தகத்தைப் புரட்டவில்லை. ஆட்டிறைச்சித் துண்டில் இருந்த கொழுப்பை ஓரமாக ஒதுக்கினார்.

"எனக்கு ஆத்துல போகணும்."

"எந்த ஆத்துல? ஐரோப்பாவுலயா?"

"இதுல," என்று ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே அது ஓடிக்கொண்டிருந்தது. "மேனம் துறையிலேர்ந்து கிளம்புற துடுப்புச் சக்கரக் கப்பல் இருக்குல்ல, லேடி வின்னிஃப்ரெட். அதுல."

கிளெனிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "வெர்ன், அந்தக் கப்பல் வாரா வாரம் நம்ம வீட்டைத் தாண்டித்தானே போகுது? நம்ம வீட்டை நாமளே போய்ப் பாக்கறதுக்குக் காசு குடுக்கணுமா?"

"நான் குறுக்கால போயிருக்கேன். நெடுக்கால போனதில்ல."

உண்மைதான். அவர் வேலை பார்த்த இடத்திலிருந்து மேற்கே ஒரு வளைவு, கிழக்கே ஒரு வளைவு. ஹவுஸ்போட்டுகள் ஒரு வளைவிலிருந்து வரும், இன்னொன்றில் மறையும். ஃபெர்ரி நடுவே போகும்போது அவை நின்று வழி விட வேண்டும் என்பது சட்டம். அவற்றை எல்லாம் நிறுத்தி வைத்தாரே தவிர, அவை எங்கே போகின்றன என்று ஒருநாளும் பின்தொடர்ந்து போய்ப் பார்க்க வாய்க்கவில்லை. வடம் விடாது.

கிளெனிஸின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. "எனக்கு எதிர்க்கரை தெரியக் கூடாது," என்றாள். "கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஜன்னலைத் தொறந்தா எதிர்க்கரை. அதுல மக்கென்சியோட மாடு. அது என்னைப் பாக்கும், நான் அதைப் பாப்பேன். ஒரு வாரமாவது நான் பாக்கற தண்ணிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இருக்கக் கூடாது."

இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அன்றைக்கே யாராவது ஒருவர் விட்டுக் கொடுத்திருப்பார்.

மர்ரே பிரிட்ஜ் என்ற பக்கத்து ஊரில் பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்தும் நெவில் என்பவரிடம் போனார்கள். நெவிலுக்குக் குளியல் தொட்டியில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். அதனால் எந்தக் கப்பலையும் அவர் பாரபட்சமில்லாமல் விற்பார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கைகளைக் கோத்துக்கொண்டு, சமரசமாக ஒரு யோசனை சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா டான்யூப் இருக்கு. ஆறுதான். ஆனா வெளிநாடு."

"அதுக்கு எதிர்க்கரை இருக்குமா?" என்றாள் கிளெனிஸ்.

"ஆறுன்னா இருக்குமே மேடம்."

"வேணாம்."

"அது கொரெல்லா பெண்ட் வழியாப் போகுமா?" என்றார் வெர்ன்.

"போகாது."

"வேணாம்."

நெவில் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கேட்பதுபோல் கேட்டார்: "அப்போ... தனித்தனியாப் போட்டுடவா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வழி இருப்பது இருவருக்குமே அதுவரை தோன்றவில்லை. "போடுங்க," என்றார்கள். கிளெனிஸுக்குத் துணையாக அவள் தங்கை பெவ் வருவதாக ஏற்பாடு. கிளெனிஸ் முதலில் கிளம்புவாள். இரண்டு மூன்று நாள் கழித்து வெர்ன். வெர்ன் திரும்புவதற்கு முந்தின நாளே கிளெனிஸ் வீட்டுக்கு வந்துவிடுவாள். இதைவிட எளிமையான ஏற்பாடு இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு வழியில் கறி வைத்துச் சுட்ட மீட் பை ஆளுக்கொன்று வாங்கித் தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

நெவிலின் மைத்துனி கொரெல்லா பெண்டில்தான் இருக்கிறாள் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஷர்லி கதவைத் தட்டினாள். கையில் துணி போட்டு மூடிய கண்ணாடிப் பாத்திரம். சூரை மீனும் சீஸும் மக்ரோனியும் போட்டு அடுப்பில் சுட்டு எடுத்தது. கொரெல்லா பெண்டில் அது சாவுக்கும் விவாகரத்துக்கும் மட்டும் செய்யப்படும் உணவு.

கிளெனிஸ்தான் கதவைத் திறந்தாள்.

"இது வெர்னுக்கு," என்றாள் ஷர்லி. கிளெனிஸின் தோளில் கை வைத்து அழுத்தினாள். "நீ தெம்பா இருப்ப. உன்னைப் பத்திக் கவலை இல்ல. ஆம்பளைங்கதான் உடைஞ்சு போயிடுவாங்க."

"எதுக்கு ஷர்லி உடையணும்?"

"அதான். அப்படியே தைரியமா இரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பௌலிங் கிளப்பில் வெர்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் விசேஷம். வழக்கமாக அவரைக் கண்டால், "என்னடா, வீட்டுலயும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடந்துக்கிட்டே இருக்கியாமே?" என்று ஆரம்பிக்கிற கும்பல், அன்றைக்கு ஆளுக்கொரு பியரை வாங்கி அவர் முன்னால் வரிசையாக வைத்தது. கடைசியில் கோல் ஹென்ஷ்கே என்ற பழைய சிநேகிதன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"என் கேரவன் கொல்லையில சும்மாதான் கிடக்கு. ஹீட்டர் வேலை செய்யுது."

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல மச்சான். கிடக்குன்னு சொன்னேன்."

பெர்த்திலிருந்து மகள் கெரின் போன் செய்தாள். "அப்பா, யாருப்பா அந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளை?"

"அப்படின்னா அம்மாவுக்குத்தான் யாரோ இருக்காங்களா?"

"அவளுக்கு பெவ் இருக்கா," என்றார் வெர்ன். போனை வைத்துவிட்டார். கெரின் அன்று முழுக்க அழுதாளாம்.

இந்தக் கூத்தெல்லாம் சேர்ந்துதான் இருவரையும் பிடிவாதக்காரர்களாக ஆக்கிவிட்டது. ஊர் வாயை மூடுவதற்காக ஒரே கப்பலில் போவதா என்று கிளெனிஸுக்கு வீம்பு. நாம் என்ன தப்பு செய்தோம் என்று வெர்னுக்கு. கிளெனிஸ் கிளம்புகிற அன்று அவர்தான் பஸ் நிறுத்தத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஷர்லி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முழுகிடாதே," என்றார் வெர்ன்.

"நீயும்தான்," என்றாள் கிளெனிஸ். "செவ்வாக்கிழமை குப்பைத் தொட்டியை வெளிய வெச்சுட்டுக் கிளம்பு. மறந்துடாதே."

லேடி வின்னிஃப்ரெட்டில் வெர்னுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் ஒற்றைக் கட்டில் அறை. படுத்தால் ஜன்னல் வழியாகத் தண்ணீர் கண் மட்டத்தில் தெரிந்தது. மேனத்திலிருந்து மத்தியானம் கிளம்பி, நிழல் நீளும் வேளையில் கப்பல் ஒரு வளைவைத் திரும்பியது. அந்தப் பக்கம் கொரெல்லா பெண்ட். வெர்ன் முன்தளத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கப்பல் நின்றது. காரணம், ஃபெர்ரி குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அவருக்குப் பிறகு வேலைக்கு வந்த டேரன், ஒரே ஒரு பிக்கப் வண்டியையும் அதன் பின்னால் நின்ற நாயையும் ஏற்றிக்கொண்டு, மிக நிதானமாக அக்கரைக்கு ஓட்டினான். ஐம்பது பயணிகள் ஒரு நாய்க்காகக் காத்திருந்தார்கள். இவ்வளவு நேரமா ஆகிறது என்று வெர்னுக்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளே இருந்து ஓட்டும்போது தெரிந்ததில்லை.

பிறகு அவர் வீடு வந்தது. நீரிலிருந்து பார்க்க அது சின்னதாக இருந்தது. கொட்டகைக் கூரையில் அவருக்குத் தெரியாமல் துருப்பிடித்திருந்தது. கொடியில் அவருடைய சட்டை ஒன்று தனியாக ஆடிக்கொண்டிருந்தது. வாசலில் யாரும் இல்லை. யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்திருந்தும், அதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. எதிர்க்காற்றில் கண்ணில் நீர் கோத்தது.

"உங்க வீடா?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பெண்மணி. பெயர் டாஃப்னி குவில்டி, ஊர் டுவூம்பா, கணவர் இறந்து மூன்று வருஷம் என்று பிறகு தெரிந்தது.

"ஆமா."

"வீட்டுல யாரும் இல்லையா?"

"இல்ல. அவ போயிட்டா."

டாஃப்னி கம்பியிலிருந்து கையை எடுத்து அவர் கைமேல் வைத்தார். "எப்போ?"

"இப்பதான். கொஞ்ச நாள் முன்னாடி."

"எப்படிங்க?"

எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது? "கடல்ல," என்றார் வெர்ன்.

"கடவுளே! தனியாவா?"

"இல்ல, தங்கச்சி பெவ்வும் கூட. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனாங்க."

டாஃப்னி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்போ இந்தப் பயணம்... அதுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணதா?"

"ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் ஏற்பாடு பண்ணோம். எனக்கு ஆறு, அவளுக்குக் கடல்னு ஆயிடுச்சு."

டாஃப்னி மூக்கைத் துடைத்தபடி வேகமாக உள்ளே போய்விட்டார். ஆற்றுப் பயணம் போகிறவர்களுக்குக் கடல் பயணம் என்றால் இவ்வளவு ஆகாது போலிருக்கிறது என்று வெர்ன் நினைத்துக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்குப் பரிமாறிய ஆப்பிள் கிரம்பிள் என்ற இனிப்பின் மேல் இரண்டு உருண்டை ஐஸ்கிரீம் இருந்தது. மற்றவர்களுக்கு ஒன்று. பாலரட்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கசாப்புக்காரர் ஸ்டான், தன் கிரம்பிளையும் அவர் பக்கம் தள்ளினார். நல்ல மனுஷர்கள் என்று வெர்னுக்குப் பட்டது.

"அவங்களைப் பத்திச் சொல்லுங்களேன்," என்றார் டாஃப்னி. "பேசினா மனசு லேசாகும்."

வெர்னுக்கு மனம் அப்படி ஒன்றும் கனமாக இல்லை. ஆனால் அவரிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கொரெல்லா பெண்டில் எல்லோருக்கும் கிளெனிஸைத் தெரியும். தெரிந்தவளைப் பற்றித் தெரிந்தவர்களிடம் என்ன சொல்வது? இங்கே மேசையைச் சுற்றி ஏழெட்டு முகங்கள் கிளெனிஸைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் காத்திருந்தன.

"அப்போ நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு," என்று ஆரம்பித்தார். "அவங்க அப்பாவோட லாரியை ஓட்டிக்கிட்டு வந்தா. நிறுத்துன்னா நிறுத்தல. வந்து கேட்டுல இடிச்சுட்டா. இடிச்சுட்டு, கேட்டை ஏன் அங்க வெச்சேன்னு என்னையே திட்டினா. அடுத்த நாளும் வந்தா. அந்த வாரம் முழுக்க வந்தா. அந்தப் பக்கம் அப்படி என்ன வேலைன்னு கேட்டேன். ஒரு வேலையும் இல்ல, திரும்பி வர்றதுதான் வேலைன்னா."

ஸ்டானின் மனைவி கைக்குட்டையை எடுத்தாள். பேச இத்தனை விஷயம் தன்னிடம் இருந்ததா என்று வெர்ன் வியந்தார். தொடர்ந்து பேசினார்.

மறுநாள் காலை தளத்தில் கப்பலின் கேப்டன் ரஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றார். பெரிய தாடி, பெரிய கைகள். சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்தபடி கேட்டார்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உடம்பு கிடைச்சுதா?"

"யாரோட உடம்பு?"

"உங்க மனைவியோடது."

அப்போதுதான் வெர்னுக்கு விளங்கியது. முந்தின நாள் பேச்சு முழுக்க வரிசையாக அவர் தலைக்குள் திரும்ப ஓடியது. போயிட்டா. கடல்ல. பெவ்வும் கூட.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவர் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "இல்ல, அது வந்து..." என்றார்.

"கிடைக்கலையா," என்றார் ரஸ். பெரிய கையால் வெர்னின் முதுகைத் தட்டிவிட்டு, கண்கலங்கிப்போய் மேலே போய்விட்டார்.

மத்தியானம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மத்தியானம் டாஃப்னி தன் கணவரின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் நடுவே புகுந்து, 'என் மனைவி உயிரோடத்தான் இருக்கா, இந்நேரம் பஃபேயில நிப்பா' என்று சொல்வது மரியாதையாகப் படவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்றால், சாயங்காலம் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார்கள். வெள்ளம் என்றால் கிளெனிஸ் இல்லாமல் சொல்ல முடியாது.

"ஆறு பெருகி வந்து ஃபெர்ரியை நிறுத்தினப்போ நான் அந்தக் கரையில மாட்டிக்கிட்டேன்," என்றார். "மக்கென்சி வீட்டுல தங்கினேன். போன் கம்பி எல்லாம் விழுந்துடுச்சு. தினமும் இருட்டறதுக்கு முன்னாடி கிளெனிஸ் இந்தக் கரையில காரை ஆத்தைப் பாத்து நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பா. எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். நான் மக்கென்சியோட டார்ச்சை ஆட்டுவேன். அந்த வெளிச்சம் வர்ற வரைக்கும் எனக்கு அன்னிக்குப் பகல் முடியாது. சாப்பாடு இறங்காது. தண்ணி வடிஞ்சப்போ எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

இதை அவர் கிளெனிஸிடம்கூடச் சொன்னதில்லை. தண்ணீர் வடிந்து அவர் வீடு திரும்பிய அன்று அவளிடம் சொன்னது, "கார் பேட்டரி வீக்காகியிருக்கும்" என்பதுதான்.

உண்மையைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லாமலில்லை. சொன்னால் இந்தப் பேச்சு நின்றுபோகும். அதுதான் விஷயம். நாளுக்கு நாள் கப்பல் மேலே போனது. வளைவுக்குப் பின் வளைவு வந்தது. கூழைக்கடாக்கள் வந்தன. அவர் இத்தனை வருஷமாக ஏங்கிய காட்சி அத்தனையும் இரு பக்கமும் நகர்ந்துகொண்டிருக்க, வெர்ன் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தன் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கப்பல் திரும்பிய பிறகுதான் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கடைசிக்கு முந்தின நாள் கப்பல் கொரெல்லா பெண்டில் கரையோரம் தங்கும். அன்றைக்குக் கிளெனிஸ் வீட்டில் இருப்பாள். போன் செய்து பார்த்தார். இரு பக்கமும் பாறை. சிக்னல் ஏறவில்லை. வேறு வழியில்லாமல் ரஸ்ஸைத் தேடிக்கொண்டு மேலே போனார்.

"கேப்டன், கொரெல்லா பெண்ட் வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகணும்."

ரஸ் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவரை அணைத்துக்கொண்டார். "சொல்ல வேணாம். எங்களுக்கே தோணிடுச்சு. ஏற்பாடு பண்ணிட்டோம்."

என்ன ஏற்பாடு என்பது அன்று வெயில் சாயும்போது தெரிந்தது. கொரெல்லா பெண்டின் வளைவைத் திரும்பியதும் இயந்திரம் நின்றது. பயணிகள் முன்தளத்தில் கூடி நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். டாஃப்னியின் கையில் யூகலிப்டஸ் இலையும் சிவப்புப் பாட்டில்பிரஷ் பூவும் வைத்துக் கட்டிய மலர் வளையம். இரண்டு நாளாக அவர் அறைக்குள்ளேயே இருந்ததன் காரணம் இதுதான்.

"இந்த ஆறும் கடைசியில கடலுக்குத்தான் போகுது," என்று ஆரம்பித்தார் ரஸ். நன்றாகப் பேசினார். "கிளெனிஸ் அம்மாவை நாம யாரும் பார்த்ததில்ல. ஆனா நமக்கு அவங்களைத் தெரியும்."

டாஃப்னி வளையத்தை வெர்னின் கையில் கொடுத்தார். கப்பல் மெல்ல மிதந்து போனது. அவர் வீடு பக்கவாட்டில் வந்தது. படித்துறையில் ஊதா நிறத்தில், வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றி ஒரு பெண் நின்றாள்.

"வெர்ன்!" என்று கத்தினாள். அந்த அமைதியில் அது நன்றாகக் கேட்டது. "குப்பைத் தொட்டியை வெளிய வெக்காமலேயே போயிட்டியே! தெருவே நாறுது!"

ஐம்பது தலைகள் கரையைப் பார்த்தன. பிறகு வெர்னைப் பார்த்தன.

"யாருங்க அது?" என்றார் டாஃப்னி.

"என் மனைவி."

டாஃப்னி கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாவதா?"

"முதலாவது," என்றார் வெர்ன். "ஒண்ணுதான்."

ஸ்டான் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "என் கிரம்பிள் எல்லாம் தின்னுட்டானே," என்றார், யாரிடம் என்றில்லாமல். ரஸ் மேலே ஏறிப் போய்க் கப்பலைக் கரையில் முட்டி நிறுத்தினார். வழக்கத்தைவிடச் சற்றுப் பலமாக முட்டியது. டாஃப்னி வெர்னின் கையிலிருந்து வளையத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பலகை போட்டதும் கிளெனிஸ் ஏறி வந்தாள். மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்துத் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"யாருக்கு வளையம்?"

"உங்களுக்குத்தான்," என்றார் டாஃப்னி.

கிளெனிஸ் வெர்னைப் பார்த்தாள். வெர்ன் தன் காலணியைப் பார்த்தார்.

"நீ செத்துட்டதா நினைச்சுட்டாங்க," என்றார். "நான் இல்லேன்னு சொல்லல."

"எத்தனை நாளா செத்திருக்கேன்?"

"நான் கிளம்பின அன்னிலேர்ந்தே."

"எப்படி?"

"கடல்ல. பெவ்வும்தான்."

"பெவ்வுமா?" கிளெனிஸ் யோசித்தாள். ஒரு வாரமாக பெவ்வோடு ஒரே அறையில் படுத்திருந்தவள் அவள். "சரி, அது பரவால்ல. ஏன் இல்லேன்னு சொல்லல?"

டாஃப்னி குறுக்கே வந்தார். கோபத்தில் அவர் கழுத்து சிவந்திருந்தது.

"நான் சொல்றேன் கேளுங்க. தினமும் இவருக்காக அழுதிருக்கேன் நான். அந்த லாரி கதை, வெள்ளத்துல ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டின கதை, நீங்க பாடும்போது சுருதியே சேராது, ஆனா நிறுத்திட்டா வீடு வீடா இருக்காதுன்னு சொன்ன கதை. இதையெல்லாம் உசுரோட இருக்கற பொண்டாட்டியைப் பத்தி எவனாவது சொல்வானா? நாங்க வேற என்னன்னு நினைக்கறது?"

கிளெனிஸ் தொப்பியைக் கழற்றினாள். பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஹெட்லைட்டைப் பத்தி என்ன சொன்னாரு?"

"அந்த வெளிச்சம் வர்ற வரைக்கும் சாப்பாடு இறங்காதாம். வெள்ளம் வடிஞ்சப்போ வருத்தமா இருந்துச்சாம்."

கிளெனிஸ் ஆற்றைப் பார்த்தாள். அக்கரையில் மக்கென்சியின் மாடு நின்றது. "பேட்டரி வீக்காகியிருக்கும்னுதான் என்கிட்ட சொன்னாரு," என்றாள்.

டாஃப்னியின் முகம் மாறியது. கையிலிருந்த வளையத்தை என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டு, கடைசியில் கிளெனிஸின் மடியில் வைத்தார். "உங்களுக்காகத்தான் கட்டினது. யாராவது வெச்சுக்கணுமே."

"அழகா கட்டியிருக்கீங்க," என்றாள் கிளெனிஸ்.

சாப்பாட்டு மணி அடித்தது. ரஸ் வந்து, மேசையில் ஓர் இடம் போட்டிருப்பதாகக் கிளெனிஸிடம் மட்டும் சொன்னார். அவள் டாஃப்னிக்கும் ஸ்டானின் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து, "இன்னும் என்னென்ன சொன்னாரு?" என்று ஆரம்பித்தாள். அவர்கள் சொல்லச் சொல்ல, சில இடங்களில் சிரித்தாள், சில இடங்களில் தட்டைப் பார்த்துக்கொண்டாள். ஒரு வெண்ணெய்க் கத்தி வேண்டும் என்று வெர்ன் இரண்டு முறை கேட்டும் யாரும் எடுத்துத் தரவில்லை. அன்றைக்கு அவருக்கு ஐஸ்கிரீமே வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு இருவரும் பலகையருகே நின்றார்கள்.

"கடல் எப்படி?" என்றார் வெர்ன்.

"நல்லா இருந்துச்சு. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணும் இல்ல. அப்படியே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருநாள் காரணமே இல்லாம அழுகை வந்துச்சு. சந்தோஷமாத்தான். மறுபடியும் போவேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆறு?" என்றாள்.

"சரியாப் பாக்கல."

"ஏன்?"

"பேசிக்கிட்டு இருந்துட்டேன்."

கிளெனிஸ் பலகையில் இறங்கினாள். கரையில் நின்று திரும்பினாள். "நாளைக்கு மிச்ச தூரத்தையாவது ஒழுங்காப் பாரு. நான் மேனத்துக்குக் காரைக் கொண்டு வரேன்."

மறுநாள் வெர்ன் காலையிலிருந்து தளத்தில் தனியாக உட்கார்ந்து இரண்டு கரையையும் பார்த்தார். தனியாக உட்கார அவருக்கு நிறைய இடம் கிடைத்தது. மேனம் துறையில் கிளெனிஸ் காருக்கு வெளியே நின்றிருந்தாள். இறங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். டாஃப்னி அவளைக் கட்டிக்கொண்டு, டுவூம்பாவுக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வெர்னிடம் தலையை மட்டும் அசைத்தார். அதுவே பெரிது என்று அவருக்குத் தோன்றியது.

காரைக் கிளெனிஸ்தான் எடுத்தாள். ஊர் எல்லை தாண்டி, கோதுமை வயல்கள் ஆரம்பித்தன.

"சொல்லு," என்றாள்.

"எதை?"

"அவங்ககிட்ட சொன்னதை. என்கிட்ட சொல்லு."

வெர்ன் சாலையைப் பார்த்தார். "கார் ஓட்டும்போது பேசறது ஆபத்து."

"ஓட்டறது நான்."

தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"

"நான் உசுரோட இருந்தப்போலேர்ந்து," என்றாள் கிளெனிஸ்.

வெர்ன் ஆரம்பித்தார்.